டியூன் செய்த டீசல் டிரக்கில் ரயில் அழுத்தம் எகிறினால்: அறிகுறியைப் பிடித்துக்கொண்டு கோளாறைத் தேடுவது

ஸ்கேனரில் பி0088 என்ற கோளாறுக் கோடு (code) வந்துவிட்டது. ரயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கெல்லாம் டீசலை அழுத்தத்தோடு தேக்கிக் கொடுக்கும் பொதுக் குழாயில், எரிபொருள் அழுத்தம் மிக அதிகம் என்பது அதன் பொருள். பெரும்பாலானவர்கள் அடுத்த நிமிடமே ஹை பிரஷர் பம்ப்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வைக் கழற்றப் போய்விடுவார்கள். ஸ்டாக் வண்டி, அதாவது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி என்றால் அது மோசமான யோசனை இல்லை. பல தடவை கோளாறு அங்கேதான் இருக்கும். சக்தியைக் கூட்ட டியூன் செய்த வண்டியில் அந்த அவசரம் காசைக் கரைக்கும். நானே ஒரு முறை இரண்டு வால்வு மாற்றி முடித்து, மூன்றாவதை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், சென்சார் வயர் ஒரு பிராக்கெட்டில் உரசி உரசிச் செம்பு வெளியே தெரிவதைப் பார்த்தேன். கால் மணி நேர வேலை. அதற்கு முன் இரண்டு வாரம் போயிருந்தது.

இந்தக் கோடு வந்தால் மூன்று அழுத்தங்களை மனதில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கேட்கும் அழுத்தம் ஒன்று. சென்சார் சொல்லும் அழுத்தம் இன்னொன்று. ரயிலுக்குள் உண்மையில் இருக்கும் அழுத்தம் மூன்றாவது. ஸ்டாக் வண்டியில் சென்சார் சொல்வதும் உண்மையில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று நம்பி வேலையைத் தொடங்கலாம். டியூன் செய்த வண்டியில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ஈசிஎம்மில் ஏற்றிய டியூன் கேட்கும் அழுத்தத்தை மாற்றுகிறது. சென்சார் வயருக்கு நடுவில் செருகும் பிரஷர் பாக்ஸ் சென்சார் சொல்வதை மாற்றுகிறது. பெரிய பம்ப்போ, ஷிம் (மெல்லிய வளையம்) வைத்து இறுக்கிய ரிலீஃப் வால்வோ (அழுத்தம் எல்லை மீறினால் திறந்துவிடும் பாதுகாப்பு வால்வு) உண்மை அழுத்தத்தை மாற்றுகிறது. கோடு இதில் எதையும் பிரித்துச் சொல்லாது. சென்சார் சொன்ன எண் கேட்ட எண்ணைவிட ரொம்பத் தாண்டிவிட்டது, அல்லது வைத்திருந்த வரம்பைக் கடந்துவிட்டது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதனால் முதல் வேலை பாகம் மாற்றுவது இல்லை. அழுத்தம் நிஜமாகவே ஏறியதா, எண் மட்டும் ஏறியதா என்று தீர்மானிப்பதுதான்.

கை வைப்பதற்கு முன்

காமன் ரயிலில் ஓடும் எஞ்சினில் அழுத்தம் 1,600, 1,800, சில வண்டிகளில் 2,000 பாரும் அதற்கு மேலும் போகும். 1,800 பார் என்றால் ஏறத்தாழ 26,000 பிஎஸ்ஐ, அதாவது 180 மெகாபாஸ்கல். இந்த அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. ஆனாலும் அது உடனே ஆபரேஷன் செய்ய வேண்டிய காயம். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள்; ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், ஈரமானால் தெரிந்துவிடும். பழைய டீசல் எஞ்சின்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை லேசாகத் தளர்த்திப் பார்ப்பார்களே, அந்தப் பழக்கம் இங்கே கூடவே கூடாது. எஞ்சினை நிறுத்தி, ஸ்கேனரில் அழுத்தம் இறங்கியதைப் பார்த்து, அதற்கு மேலும் சில நிமிடம் விட்டு, பிறகுதான் ஸ்பேனர். அப்போதும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகப்படுவதே சென்சாரைத்தான் என்றால், அது காட்டும் பூஜ்யத்தை எப்படி நம்புவது?

டீசல் போகும் வழி, சுருக்கமாக

டாங்கிலிருந்து லிஃப்ட் பம்ப் டீசலை ஃபில்டர் வழியாகத் தள்ளுகிறது. சில வண்டிகளில் லிஃப்ட் பம்ப்பே கிடையாது. எல்பி7 டியூராமேக்ஸ் எஞ்சினில் ஹை பிரஷர் பம்ப்போடு சேர்ந்த கியர் பம்ப்தான் டாங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பாஷ் நிறுவனத்தின் சிபி3 பம்ப்பை எடுத்துக்கொண்டால், கியர் பம்ப்புக்கும் பிஸ்டன்களுக்கும் நடுவில் மீட்டரிங் வால்வு உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன்களுக்கு எவ்வளவு டீசல் போகலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. குறைவாக விட்டால் ரயிலில் அழுத்தம் இறங்கும், அதிகமாக விட்டால் ஏறும்.

இங்கே ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சிபி3 பம்ப்பின் இந்த வால்வு மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும் வகை. கரன்ட் கொடுத்தால்தான் மூடும். வயர் அறுந்தாலும், கனெக்டர் கழன்றாலும், காயில் எரிந்தாலும் பம்ப் முழு வேகத்தில் தள்ளும். அழுத்தம் கூரைக்குப் போகும். வேறு சில பம்ப்களில் இது தலைகீழ், அதனால் உங்கள் வண்டி எந்த வகை என்று சர்வீஸ் மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். "சோதித்துப் பார்க்கலாமே" என்று ஓடும் எஞ்சினில் இந்தக் கனெக்டரைப் பிடுங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். சிபி3 வண்டியில் அது ரிலீஃப் வால்வை வேண்டுமென்றே திறக்க வைப்பதற்குச் சமம்.

சில எஞ்சின்களில் ரயிலின் முனையிலேயே இன்னொரு கட்டுப்பாட்டு வால்வு இருக்கும். மிஞ்சிய அழுத்தத்தை அது ரிட்டர்ன் லைனுக்குத் திறந்துவிடும். பாஷ் செய்யும் இவ்வகை வால்வுக்குக் கரன்ட் போகவில்லை என்றால் அழுத்தம் சுமார் 100 பாருக்கு விழுந்துவிடும், எஞ்சினே பிடிக்காது. ஆக மின்சாரக் கோளாறு ஒன்றேதான். எந்த வால்வில் வந்தது என்பதைப் பொறுத்து விளைவு நேர் எதிராக இருக்கும். ரயிலில் இப்படி வால்வு இல்லாத வண்டியில் உள்ளே வந்துவிட்ட அழுத்தம் இறங்க ஒரே வழி இன்ஜெக்டர்கள்தான். பீய்ச்சியோ கசிந்தோதான் அது போக வேண்டும். இறக்கத்தில் வரும் கோளாறைப் பார்க்கும்போது இது திரும்ப வரும்.

முதலில் சேர்க்க வேண்டிய விவரம்

வண்டியில் என்னென்ன மாற்றியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டியூன் ஈசிஎம்மில் ஏற்றியதா, செருகும் பாக்ஸா, இரண்டுமா? பம்ப் மாற்றியதா? இன்ஜெக்டர் புதிதா? லிஃப்ட் பம்ப் கூடுதலாகப் போட்டதா, அதன் அழுத்தம் எவ்வளவு? ரிலீஃப் வால்வை யாராவது தொட்டிருக்கிறார்களா? வண்டியைப் பழையதாக வாங்கியிருந்தால் இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தெரியாது. கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்: வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளக் அடைத்திருக்கலாம்.

அப்புறம் கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃபிரேமைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நொடியில் ஆர்பிஎம், லோடு, வேகம், டீசல் சூடு என்ன என்று அது சொல்லும். எதிலிருந்து தொடங்குவது என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

ஓடும்போதே எண்களை ஸ்கேனரில் பதிவு செய்யும் லாக் எடுக்கும்போது கேட்ட அழுத்தம், காட்டும் அழுத்தம், மீட்டரிங் வால்வின் கரன்ட் அல்லது சதவீதம், ஆர்பிஎம், ஆக்சிலரேட்டர் நிலை, இந்த ஐந்து மட்டும் போதும். இருபது எண்களைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் புதுப்பிக்கப்படும். அரை நொடியில் ஏறி இறங்கும் முள் (வரைபடத்தில் தெரியும் கூர்மையான உயர்வு) லாக்கில் விழாமலே போய்விடும். வால்வின் சதவீதத்தைப் படிக்கும்போதும் கவனம். சில ஸ்கேனர்களில் அது கரன்ட்டைக் குறிக்கும், சிலவற்றில் திறப்பைக் குறிக்கும். ஆக்சிலரேட்டரை ஒரு தடவை மிதித்துப் பாருங்கள்; மிதிக்கும்போது எந்தப் பக்கம் போகிறதோ அது "அதிக டீசல்" பக்கம்.

சாவியை மட்டும் திருப்பினாலே அழுத்தம் காட்டுகிறது

எல்லாச் சோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். இரவு முழுக்க நின்ற வண்டியில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு ரயில் அழுத்தத்தைப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 80, 100 பார் என்று காட்டினால் ரயிலுக்குள் எதுவும் இல்லை, எண் பொய்.

ரயில் சென்சாருக்கு மூன்று வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். வழக்கமான சென்சாரில் அழுத்தமே இல்லாதபோது சிக்னல் சுமார் 0.5 வோல்ட், உச்சத்தில் சுமார் 4.5 வோல்ட். 1,800 பார் சென்சார் என்றால் அந்த 4 வோல்ட் இடைவெளியில் 1,800 பார். ஒரு வோல்ட்டுக்கு 450 பார். சிக்னல் 0.3 வோல்ட் தவறினாலே 135 பார் தவறு. ஐடிலில் (மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) 400 பார் இருந்தால் சிக்னல் கிட்டத்தட்ட 1.4 வோல்ட் வர வேண்டும். இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டூல் பாக்ஸில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு உதவும்.

எண் பொய் என்று தெரிந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாகப் பின்னைத் தொட்டு அளக்க வேண்டும். 5 வோல்ட் சரியாக வருகிறதா? சென்சாரின் கிரவுண்ட் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் எவ்வளவு? சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் கிரவுண்ட் வயரில் தடை இருக்கிறது. 0.2 வோல்ட் அங்கே தேங்கினால் மேலே சொன்ன கணக்குப்படி 90 பார் சும்மாவே கூடிவிடும். இரண்டும் சரி, சிக்னல் மட்டும் 0.5ஐத் தாண்டி நிற்கிறது என்றால் சென்சார் போய்விட்டது. அதையும் முடிவு செய்வதற்கு முன் ஹார்னஸை (வயர் கட்டை) கையால் ஆட்டி, வளைத்து, எண் துள்ளுகிறதா என்று பாருங்கள். என் இரண்டு வாரத்தை விழுங்கிய வயர் அப்படித்தான் அகப்பட்டது.

பிரஷர் பாக்ஸ் இருக்கிற வண்டியில் இன்னொரு அளவும் எடுக்க வேண்டும்: பாக்ஸுக்கு முன் சென்சார் பக்கம் எவ்வளவு, பாக்ஸுக்குப் பின் ஈசிஎம் பக்கம் எவ்வளவு. இந்தப் பாக்ஸ்களின் தந்திரம் எளிது. சென்சார் சொல்வதைக் குறைத்து ஈசிஎம்முக்குச் சொல்கின்றன. அழுத்தம் போதவில்லை என்று நினைத்து ஈசிஎம் ஏற்றுகிறது. ஆகவே பாக்ஸ் ஒழுங்காக வேலை செய்யும்வரை பி0088 வராது, ஆனால் ரயிலில் நிஜ அழுத்தம் கூடியிருக்கும். பாக்ஸ் கெட்டாலோ, அதன் கனெக்டரில் ஈரம் இறங்கினாலோ சிக்னல் எங்கே வேண்டுமானாலும் போகும். பாக்ஸைக் கழற்றி, ஒரிஜினல் கனெக்டரைச் செருகி, மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. காசே ஆகாது.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிலேயே அழுத்தம் மேலே நிற்கிறது

இங்கே காதைப் பயன்படுத்துங்கள். ஐடிலில் கேட்ட அழுத்தம் 400, காட்டுவது 700 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் வழக்கத்தைவிடக் கூர்மையாக, தகரத்தைத் தட்டுவது போல டகடகவென்று அடித்தால் அழுத்தம் நிஜம். எஞ்சின் மந்தமாக, சத்தம் குறைந்து, மிதித்தால் சோம்பலாக எழுந்தால் சென்சார்தான் மிகைப்படுத்துகிறது. அதை நம்பி ஈசிஎம் வால்வை மூடிக்கொண்டிருக்கிறது. காது தீர்ப்பு சொல்லாது, ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லும்.

நிஜம் என்றால் மீட்டரிங் வால்வின் கரன்ட்டைப் பாருங்கள். ஈசிஎம் வால்வை மூடச் சொல்லி முழுக் கரன்ட் கொடுத்தும் அழுத்தம் இறங்கவில்லையா? அப்படியானால் வால்வு இயந்திர ரீதியாகச் சிக்கியிருக்கிறது, அல்லது கரன்ட் அங்கே போய்ச் சேரவில்லை. எஞ்சினை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி, காயிலின் தடையை அளக்கலாம். குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் சில ஓம் மட்டுமே இருக்கும், 3 ஓமை ஒட்டி வருவது சகஜம். முடிவில்லாத் தடை என்றால் காயில் அறுந்துவிட்டது. தடை சரி என்றால் வயரைச் சந்தேகியுங்கள், வயரும் சரி என்றால் வால்வைக் கழற்றிப் பார்க்கலாம்.

கழற்றும்போது அந்த இடத்தைச் சுற்றி முதலில் நன்றாகக் கழுவித் துடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் போதும், புது வால்வும் ஒரு வாரத்தில் சிக்கும். கழற்றிய வால்வில் வெள்ளித்தூள் மாதிரி மின்னும் பொடி இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது பம்ப் உள்ளே தேய்கிறது என்பதன் அடையாளம். வால்வை மட்டும் மாற்றினால் அந்தப் பொடி இன்ஜெக்டர் வரை போகும். ஃபில்டரை வெட்டிப் பார்த்து, உலோகம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் மேலே போக வேண்டும். பொன்னிற வார்னிஷ் மட்டும் படிந்திருந்தால் அவ்வளவு பயமில்லை. நிறைய நாள் சும்மா நின்ற வண்டியில் அது வரும்.

ரயிலிலேயே வால்வு இருக்கிற எஞ்சினில் ரிட்டர்ன் லைனையும் பார்த்துவிடுங்கள். மடங்கியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ மிஞ்சிய டீசல் வெளியேற இடமில்லாமல் அழுத்தம் ஏறும். டிரான்ஸ்மிஷனைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தக் கோடு வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

மிதித்துவிட்டுக் காலை எடுத்ததும் முள் குதிக்கிறது

டியூன் செய்த வண்டிக்கே உரிய கோளாறு இது. ஸ்டாக் வண்டியில் அபூர்வம். முழு லோடில் ஏறிக்கொண்டிருக்கும்போது கேட்டதும் காட்டுவதும் ஒட்டிக்கொண்டே போகும். காலை எடுத்த நொடியில் கேட்ட அழுத்தம் விழும். காட்டும் அழுத்தமோ ஒரு முள்ளாக மேலே குத்திவிட்டு அப்புறம்தான் இறங்கும். கியர் மாறும்போதும் இதே கதை.

ஏன் என்று பார்த்தால், காலை எடுத்ததும் இன்ஜெக்டர்கள் ஒரேயடியாக மூடிக்கொள்கின்றன. பம்ப்புக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட டீசல் ரயிலுக்குத்தான் போய்ச் சேரும், வேறு வழியில்லை. வால்வு எவ்வளவு வேகமாக மூடுகிறதோ அவ்வளவு சின்ன முள். பெரிய பம்ப் போட்டிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதிக டீசல் உள்ளே வந்திருக்கும், அதனால் முள்ளும் பெரிது. இதோடு இன்னொன்று: எவ்வளவு கரன்ட்டுக்கு எவ்வளவு டீசல் வரும் என்ற அட்டவணை ஈசிஎம்மில் ஸ்டாக் பம்ப்புக்காக எழுதியது. பெரிய பம்ப்பைப் போட்டுவிட்டு அதை மாற்றாவிட்டால் ஈசிஎம் ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் திறந்துவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டிருக்கும். ஐடிலில் அழுத்தம் ஊஞ்சல் போல ஆடும், எஞ்சின் சத்தமும் சேர்ந்து ஆடும்.

"டியூனை ஸ்டாக்குக்கு மாற்றிப் பார்" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. பம்ப்பும் இன்ஜெக்டரும் ஸ்டாக்காக இருந்தால் அது அருமையான சோதனை; ஸ்டாக் டியூனில் கோளாறு போய்விட்டால் பாகங்கள் நல்லவை. பம்ப் பெரியது என்றால் ஸ்டாக் டியூனில் முள் இன்னும் பெரிதாகலாம், அதைப் பார்த்துவிட்டு பம்ப்பைக் குறை சொல்லக் கூடாது. இரண்டு பம்ப் போட்ட வண்டியில் இரண்டாவது பம்ப்பின் வால்வை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள். முதல் வால்வு மூடிய பிறகும் இரண்டாவது திறந்தே இருந்தால் ஈசிஎம் என்ன செய்தும் பயனில்லை.

டியூன் எழுதியவருக்கு "பி0088 வருகிறது" என்று மட்டும் சொல்லாமல் லாக்கை அனுப்புங்கள். காலை எடுத்த நொடிக்கு முன்னும் பின்னும் ஐந்து நொடி போதும். கேட்ட அழுத்தம் படியாக விழுகிறதா, சரிவாக விழுகிறதா என்பது அதில் தெரியும். சரிவாக இறங்குமாறு அட்டவணையை மாற்றினால் பல வண்டிகளில் முள் அடங்கிவிடும். பதிலுக்கு அவர் கோடு வரும் வரம்பை உயர்த்தியோ கோடையே அணைத்தோ கொடுத்தால் ஏற்காதீர்கள். விளக்கு எரியாது, ரயில் மட்டும் அடி வாங்கும்.

பழைய டியூன், பழைய பம்ப், நேற்று வரை முள் இல்லை, இன்று திடீரென்று என்றால் டியூனை விட்டுவிடுங்கள். வால்வு ஒட்டி ஒட்டி நகர்கிறது.

நீண்ட இறக்கத்தில், எஞ்சின் பிரேக்கில் மெல்ல மெல்ல ஏறுகிறது

முள் இல்லை, ஏற்றம். ஆர்பிஎம் மேலே, இன்ஜெக்டர் மூடியிருக்கிறது, வால்வும் மூடியிருக்கிறது, ஆனாலும் அழுத்தம் நொடிக்கு நொடி கூடுகிறது. எந்த மீட்டரிங் வால்வும் நூறு சதவீதம் அடைக்காது, கொஞ்சம் கசியும். அந்தக் கசிவைத் திருப்பி அனுப்ப பம்ப்புக்குள் ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். வால்வு தேய்ந்து கசிவு கூடினால் துளைக்குத் தாங்காது. கூடுதல் லிஃப்ட் பம்ப் மிக அதிக அழுத்தத்தில் தள்ளினாலும் அதே விளைவு வரக்கூடும். லிஃப்ட் பம்ப்பின் ரெகுலேட்டரை பம்ப் தயாரித்தவர் சொன்ன அளவுக்கு இறக்கிவிட்டு அதே இறக்கத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

புது இன்ஜெக்டர் போட்ட பிறகு இது தொடங்கினால் குழம்ப வேண்டாம். பழைய இன்ஜெக்டர்கள் தாராளமாகக் கசிந்து, வால்வின் குறையை இத்தனை நாள் மூடி மறைத்திருக்கின்றன. புதியவை இறுக்கமானவை, ரயிலில் வந்த அழுத்தத்தை வெளியே விடுவதில்லை. குறை பழசு, வெளிச்சத்துக்கு வந்ததுதான் புதுசு. இன்ஜெக்டர் விற்றவரிடம் சண்டைக்குப் போகும் முன் வால்வைப் பாருங்கள்.

முழு மிதியில், மேல் ஆர்பிஎம்மில் மட்டும்

கேட்ட அழுத்தம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 1,800 பார் சென்சார் இருக்கிற வண்டியில் டியூன் 1,800 பாரையே கேட்டால் பிரச்சினைக்கு இடம் அங்கேயே இருக்கிறது. கேட்டதைவிடச் சற்று மேலே போனாலும் சென்சாரால் சொல்ல முடியாது. தன் உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். லாக்கில் காட்டும் அழுத்தம் ஒரே எண்ணில் பலகை மாதிரி தட்டையாக நின்றால் அதுதான் அடையாளம். அதற்கு மேல் உள்ளே என்ன நடக்கிறது என்று ஈசிஎம்முக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இந்த நிலையில் பி0088க்குப் பதில் பி0193, அதாவது சென்சார் சிக்னல் மிக அதிகம் என்ற கோடும் வரலாம். அதைப் பார்த்து வயர் கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முழு மிதியில் மட்டும் வந்தால் நிஜ அழுத்தமாகவும் இருக்கலாம்.

டியூன், பாக்ஸ் இரண்டும் சேர்ந்து இருக்கிற வண்டிகளில் இது இன்னும் மோசம். டியூன் 1,700 கேட்கிறது, பாக்ஸ் 135 பாரை மறைக்கிறது என்றால் ரயிலில் 1,835. எல்லோருக்கும் லாக்கில் தெரிவது 1,700 மட்டும். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எதை என்று கேட்டால், பாக்ஸைக் கழற்றுங்கள் என்றுதான் சொல்வேன். லாக்கில் தெரிகிற மாற்றத்தைத் திருத்த முடியும், மறைந்திருப்பதை முடியாது.

ரிலீஃப் வால்வுக்கு ஷிம் வைத்திருந்தாலோ பிளக் அடித்திருந்தாலோ கடைசிப் பாதுகாப்பும் போயிற்று. மற்ற எந்தக் கோளாறையும் தேடுவதற்கு முன் நல்ல வால்வைத் திரும்பப் போடுங்கள்.

ஃபில்டர் மாற்றிய பிறகு, அல்லது டாங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது

டீசல் போதாததால் அழுத்தம் அதிகம் என்று கோடு வருவது விசித்திரமாகத் தோன்றும். நடப்பது இதுதான்: லைனில் காற்றுக் குமிழி வருகிறது, அழுத்தம் சரிகிறது, ஈசிஎம் வால்வை அகலத் திறக்கிறது. குமிழி தாண்டிப் போனதும் கெட்டியான டீசல் திறந்த வாயில் வழியாகப் பாய்கிறது. வால்வு மூடுவதற்குள் அழுத்தம் எல்லை தாண்டிவிடும். லாக்கில் முள்ளுக்கு முன்னால் எப்போதும் ஒரு பள்ளம் இருந்தால் காற்றையோ அடைப்பையோ தேடுங்கள். ஃபில்டருக்குப் பின் சிறிது தூரத்துக்குத் தெளிவான டீசல் ஹோஸ் போட்டு ஐடிலில் குமிழி ஓடுகிறதா என்று பார்க்கலாம். இது குறைந்த அழுத்தப் பக்கத்தில் மட்டும். ஃபில்டர் ஓ-ரிங், உறிஞ்சும் பக்கத்து ஜாயின்ட், டாங்குக்குள் இருக்கும் பிக்கப் குழாய், இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பி0088, பிறகு பி0087

அதிகம், அப்புறம் குறைவு. பெரும்பாலும் ரிலீஃப் வால்வு ஒரு தடவை திறந்துவிட்டுச் சரியாகத் திரும்ப உட்காரவில்லை. வண்டி சூடானபின் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், ஏற்றத்தில் சக்தி குறையும். ரிலீஃப் வால்வின் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்ற வையுங்கள். அங்கே ஒரு சொட்டுக்கூட வரக் கூடாது. வந்தால் வால்வை மாற்றுங்கள். ஆனால் அது திறந்ததற்கான காரணம் மேலே சொன்னவற்றில் ஒன்று. அதைத் தீர்க்காமல் புது வால்வு போட்டால் அதுவும் ஒரு நாள் திறக்கும்.

சூடான பிறகு மட்டும்

செம்புக் காயிலின் தடை சூட்டில் கூடும். 20 டிகிரியில் 3 ஓம் என்றால் 100 டிகிரியில் 4 ஓமுக்குப் பக்கத்தில் வரும். இதை ஈசிஎம் சமாளித்துக்கொள்ளும். கனெக்டரில் பச்சை பிடித்து அங்கேயும் சில ஓம் சேர்ந்தால் சமாளிக்காது. கரன்ட் போதாமல் வால்வு தானாகத் திறக்கும். எஞ்சின் சூடாக ஓடும்போது வால்வு வயரின் ஒவ்வொரு பகுதியிலும் வோல்டேஜ் இறக்கத்தை அளங்கள். பேட்டரி டெர்மினல்களையும் விட்டுவிடாதீர்கள்.

சரி செய்த பிறகு

கோடை அழித்து, கோளாறு வந்த அதே சூழ்நிலையில் ஓட்டி லாக் எடுங்கள். இறக்கத்தில் வந்தது என்றால் இறக்கம்; ஊருக்குள் ஒரு சுற்று போதாது. மீட்டரிங் வால்வு மாற்றியிருந்தால் சில வண்டிகளில் ஸ்கேனர் மூலம் பழைய கற்றலை அழிக்க வேண்டும், இல்லையென்றால் ஈசிஎம் தேய்ந்த வால்வுக்கான திருத்தத்தையே புது வால்வுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

நிஜமாகவே அழுத்தம் எகிறிய வண்டி என்றால் ரயில் பைப் நட்டுகளில் வியர்த்தது போல ஈரம் இருக்கிறதா என்று அட்டையால் சோதியுங்கள். கடைசியாக எஞ்சின் ஆயில் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு ஏறியிருந்தாலோ டீசல் வாடை அடித்தாலோ வால்வு கவருக்குள் எங்கோ கசிகிறது. அதைக் கண்டுபிடித்து ஆயிலை மாற்றும் வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்.